மாட்டுக்கு நார்த்தீவனம்: வைக்கோலுக்கு மாற்று உண்டா?

திருவொற்றியூர் காலடிப்பேட்டைச் சந்து ஒன்றில் அண்மையில் நாம் கண்ட காட்சி இது. கறவைப் பசு ஒன்று சுவரில் ஒட்டியிருந்த சினிமா விளம்பரத் தாளை நாவால் ஈரப்படுத்தி, ஓரத்தைப் பற்றிக் கிழித்து, மிகப் பொறுமையாக மென்றுகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மாட்டுக்கார அம்மையாரிடம், "ஏனம்மா, தீனி போதவில்லையா?" என்று கேட்டோம். "தவுடு, புண்ணாக்கு எதுலயும் குறை வெக்கறதில்லீங்க. இதுக்கு என்னமோ காகிதம்னா உசுரு" என்றார் அவர். வைக்கோல் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு சிறு கட்டு அளவு காட்டினார். நிறுத்துப் பார்த்தால் 2 கிலோவுக்கு மேல் இராது.

அந்தப் பசுவுக்குக் காகிதத்தின்மேல் ஆசை ஒன்றும் இல்லை. அது தேடியது நார். காகிதமும் மரத்தின் நாரினாலேயே ஆவது. ஒட்டிய பசையோ மாவுக் கஞ்சி. வைக்கோல் கிடைக்காத இடத்தில் தனக்குத் தெரிந்த வகையில் மாற்றுத் தீவனம் ஒன்றை அப்பசு கண்டுபிடித்துக்கொண்டது என்றே சொல்லவேண்டும். அது தேடிய மாற்றைவிட நல்ல மாற்றை நாம் தேடித் தரமுடியுமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காலடிப்பேட்டையைப் பற்றி நமது நெசவாளர் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. காலெட்டுப் பேட்டை என்பதே மருவிக் காலடிப்பேட்டை ஆயிற்று. தறியும் தொழுவமும் அடுத்தடுத்து இருந்த ஊர்களில் பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சி தொழுவத்துக்குப் போவது இயல்பு. இன்று அங்கே தறியோசை கேட்பதில்லை. மாடுகள் மட்டும் சந்துகளில் மிஞ்சியிருக்கின்றன.

மாடு எதற்காக நாரை நாடுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது அவசியம். அசைபோடும் பிராணிகளுக்கு வயிறு நான்கு அறைகளாக அமைந்துள்ளது. முதல் அறையாகிய பெருவயிறு பெரிய மாட்டில் 100 லிட்டருக்கும் அதிகமாகக் கொள்ளும். அதனுள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலின் நாரைச் சிதைத்து, மாடு கிரகித்துக்கொள்ளக்கூடிய அமிலங்களாக மாற்றித் தருபவை அவையே. நாம் மாட்டுக்குத் தீவனம் போடுகிறோம் என்று நினைக்கிறோம்; உண்மையில் நாம் போடுவது அந்த நுண்ணுயிர்களுக்கு, மாடு உண்பது அவற்றின் உழைப்பை.

இந்த நுண்ணுயிர்கள் புளிப்பு மிகுந்த இடத்தில் வாழமாட்டா. புளிப்பை முறிப்பது மாட்டின் உமிழ்நீர். வளர்ந்த மாட்டுக்கு நாள் ஒன்றுக்கு 100 லிட்டருக்குக் குறையாமல் உமிழ்நீர் சுரக்கிறது. அதில் சோடா உப்பைப் போன்ற உப்புகள் கரைந்துள்ளன. ஆனால் அந்த உமிழ்நீர் நன்கு சுரப்பது மாடு மெல்லும்போதும் அசைபோடும்போதுந்தான். அசைபோடுவதைத் தூண்டுவதோ, பெருவயிற்றின் சுவரை உராய்ந்து நிற்கும் நீண்ட நார். நல்ல வைக்கோலோ தட்டையோ தின்ற மாடு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் அசைபோடும். தவிடும் மாவும் தின்ற மாடு நிறைய உண்டாலும் அசைபோடாது. உமிழ்நீர் குறையும், புளிப்பு ஏறும், நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மடியும். பிறகு பாலில் கொழுப்புச் சத்து இறங்கும், சாணம் தண்ணீராகும், குளம்பு நோகும், முற்றினால் மாடே சாயும். சங்கத்தில் பாலை அளக்கும்போது கொழுப்பு விகிதம் குறைந்துவிட்டது என்று வருந்தும் அங்கத்தினர் பலர் மறுநாள் தவிட்டையும் புண்ணாக்கையும் இன்னும் கூட்டுகிறார்கள். நோய் எதனால் வந்ததோ அதையே மருந்தாகக் கொடுப்பது போன்றது இது.

ஆகவே எந்தப் பொருளையும் வைக்கோலுக்கு மாற்று என்று யாரேனும் சொன்னால், விலை என்ன, மூட்டை எவ்வளவு பெரிது என்பவற்றுக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது மாட்டை அசைபோட வைக்குமா?

350 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு ஒன்றுக்கு, ஈரம் நீக்கிய கணக்கில், நாள்தோறும் 9 முதல் 10 கிலோ தீவனம் வேண்டும். இதில் மூன்றில் இரண்டு பங்கு நார்த்தீவனமாக இருப்பது நலம். அதாவது பசும்புல்லும் வைக்கோலுமாக 6 கிலோவுக்குக் குறையாத உலர்பொருள். காலடிப்பேட்டை அம்மையார் காட்டிய சிறு கட்டு அதில் மூன்றிலொரு பங்குதான்.

வடசென்னைக்கு வைக்கோல் வரும் வழி நெடுங்காலமாகவே பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பக்கத்து நெல் வயல்களே. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் பேர் சொல்லும் நாடு அது. ஆனால் அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோலின் கதி மாறிவிட்டது. கையால் அறுத்துக் களத்தில் அடித்த காலத்தில் முழு நீளத் தாளும் போருக்கு வந்து சேர்ந்தது. இயந்திரம் அடித் தாளை வயலிலேயே விட்டுவிடுகிறது. மேல் தாளையும் நசுக்கிச் சிதறடிக்கிறது. அதை உருளையாகக் கட்டுவதற்கு மற்றொரு இயந்திரம் வாடகைக்கு வரவேண்டும். அது வருமுன் மழை வந்தால் வைக்கோல் சேற்றோடு போயிற்று. கட்டி எடுத்ததில் ஒரு பங்கு லாரி ஏறிக் கேரளத்துக்குப் போகிறது. காளான் வளர்ப்போரும் கேட்கிறார்கள். மிச்சந்தான் நகரத்துத் தொழுவத்துக்கு. விலை ஏறாமல் என்ன செய்யும்?

வைக்கோலுக்கே உரிய குறைகளும் உண்டு. நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்குதான். மணற்சத்தாகிய சிலிக்கா அதிகம். அது நாரைக் கவசம்போல் மூடிக்கொண்டு நுண்ணுயிர்களை அண்டவிடாது. ஆக்சாலிக் அமில உப்புகள் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சோளத்தட்டையோடு ஒப்பிட்டால் நெல் வைக்கோல் ஒரு படி கீழேதான். இருந்தும் நம் பகுதியில் மிகுதியாகக் கிடைப்பது அதுவே என்பதால் அதைத் தள்ளிவிட முடியாது.

மற்ற நாடுகளில் நிலைமை என்ன என்று பார்ப்போம். இறைச்சிக்கென மாடுகளைக் கொழுக்க வைக்கும் தொழில் அமெரிக்காவில் பெருவாரியாக நடக்கிறது. அங்கே முடிவுக் காலத்தில் மாட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மக்காச்சோளம். நார்த்தீவனம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று முன்பின். அந்தச் சிறு பங்கையும் தவிர்த்துவிட்டால் சுமைக்கூலி மிச்சமாகுமே என்று 1960களிலும் 1970களிலும் அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் பலவற்றைச் சோதித்தார்கள். கிளிஞ்சலை உடைத்துத் தீவனத்தில் கலந்தார்கள். பிளாஸ்டிக் துண்டுகளைக்கூட வயிற்றை உராய்வதற்கென்று கொடுத்துப் பார்த்தார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் சுண்ணாம்புக்காகக் கிளிஞ்சல் அள்ளுவதைக் கண்ட நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். இவை எதுவும் தொழுவத்து வழக்கமாக நிலைக்கவில்லை; அம்மாடுகள் இன்றும் வைக்கோலோ உலர்புல்லோ சிறிதளவேனும் தின்றுதான் ஆகவேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக்கை மாட்டுக்கு ஊட்டிப் பார்க்க நம் நகரத்தில் ஆராய்ச்சியாளர் தேவைப்படவில்லை. குப்பைத் தொட்டியே அந்தச் சோதனையை நடத்திவருகிறது. தெரு மாட்டின் பெருவயிற்றை அறுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் கிலோக்கணக்கில் பைகளை எடுக்கிறார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 1-1-2019 முதல் தடை செய்தது. தொட்டிகளைப் பார்த்தால் தடை முழுமையாகப் பலித்ததாகத் தெரியவில்லை.

அதே அமெரிக்காவில், பருத்தி விளையும் தென் மாநிலங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எண்ணெய் ஆலைகளை அடுத்துப் பட்டிகள் அமைத்துப் பருத்திக்கொட்டைத் தொலியையும் புண்ணாக்கையும் கொண்டே மாடுகளைக் கொழுக்க வைத்தார்கள். தொலியில் புரதம் மிகக் குறைவு. ஆனால் நார் நிறைய, மாடும் விரும்பித் தின்னும். ஆலையில் குப்பையாகக் கிடந்த ஒரு பொருள் வைக்கோலின் இடத்தைப் பிடித்ததற்கு இது நல்ல சான்று. நம் நாட்டில் பருத்திக்கொட்டையை முழுதாகவே ஊறவைத்து அரைத்துக் கறவைக்குக் கொடுக்கும் வழக்கம் கொங்கு நாட்டிலிருந்து சென்னை வரை உண்டு. அது பெரும்பாலும் அடர்தீவனமே. தொலி கிடைக்குமானால் வளர்ந்த மாட்டுக்கு வைக்கோலோடு கலந்து கொடுக்கலாம். கன்றுகளுக்கும் பொலிகாளைகளுக்கும் வேண்டாம். பருத்தியிலுள்ள காசிபால் என்னும் நச்சுப்பொருள் அவற்றுக்கு ஆகாது.

நெசவாளர் அங்கத்தினர்கள் இங்கே ஓர் எச்சரிக்கையைக் கவனிக்கவேண்டும். பருத்திக்கொட்டை தீவனம் என்பதால் பருத்திக் கழிவெல்லாம் தீவனமாகிவிடாது. தறிக்கூடத்தில் பெருக்கிய நூற்கழிவைத் தொழுவத்தின் பக்கம் கொட்டுவது பெருந்தவறு. இன்று பாவிலும் ஊடையிலும் செயற்கை இழை கலந்திருக்கிறது. அதை எந்த நுண்ணுயிரும் சிதைக்காது. வயிற்றுக்குள் அது கயிறாகத் திரிந்து குடலை இறுக்கும். சாயம் ஏறிய நூல் இன்னும் மோசம்.

கொழுக்க வைத்தல் என்று சொன்னதால் நம் மாநிலத்தின் நிலையையும் குறித்துவிடுவோம். 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பத்து வயதுக்கு மேற்பட்டு உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாதது என்றோ, நிரந்தரமாக ஊனமுற்றது என்றோ அதிகாரி சான்று அளித்த மாட்டையே அறுக்கலாம். ஆகவே இளம் மாடுகளைப் பட்டியில் அடைத்துத் தீனி போட்டு இறைச்சிக்கு விற்கும் அமெரிக்க முறை இங்கே தொழிலாக வேரூன்றவில்லை. ஆனால் மாட்டுக்குச் சதை பிடிக்க வைக்கும் தேவை நமக்கும் இருக்கிறது. கறவை நின்று மெலிந்த பசு, முதல் சினைக்கு எடை கூடவேண்டிய கிடேரி, வண்டிக்குப் பூட்டும் காளை ஆகியவை விலை உயர்ந்த அடர்தீவனத்தை வேண்டுவன அல்ல. நல்ல நார்த்தீவனத்தாலேயே பெரும்பாலும் தேறக்கூடியவை. மாற்றுத் தீவனத்தை முதலில் சோதிக்கவேண்டியதும் இவற்றிடமே. பால் கறக்கும் பசுவிடம் சோதித்தால் அன்றைய பாலிலேயே நஷ்டம் தெரியும்.

நெல் வைக்கோலையே நம்பி மாடு கொழுக்க வைப்பதை நன்கு கற்ற நாடு வங்கதேசம். அங்கே சிறு விவசாயிகள் தியாகத் திருநாளுக்கு மூன்று, நான்கு மாதங்கள் முன்னதாக ஒன்றிரண்டு காளைகளை வாங்கி வளர்த்து விற்கிறார்கள். அவர்களுக்காக அந்நாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை மிக எளிது. வைக்கோல் 82 பங்கு, கரும்பாலைக் கழிவுப் பாகு 15 பங்கு, யூரியா 3 பங்கு. எல்லாம் ஈரம் நீக்கிய கணக்கு. நடைமுறையில் 10 கிலோ வைக்கோலுக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பாகும் 300 கிராம் யூரியாவும் வரும். இரண்டையும் 5 முதல் 7 லிட்டர் நீரில் நன்கு கரைத்து, விரித்த வைக்கோலின்மேல் சீராகத் தெளித்துப் புரட்டவேண்டும். அன்றே கொடுக்கலாம், மூன்று நாளுக்குமேல் வைத்திருக்கலாகாது. பாகு நுண்ணுயிர்களுக்கு உடனடி ஆற்றல் தருகிறது. யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவைக் கொண்டு அவை தம் உடலில் புரதம் அமைத்துக்கொள்கின்றன. பின்னர் அந்தப் புரதம் மாட்டுக்கு வந்து சேர்கிறது.

நமக்கு இதில் இடர், பாகு கிடைப்பது. சாராயம் காய்ச்ச உதவும் பொருள் என்பதால் நம் மாநிலத்தில் பாகு விற்பனை அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது; தனி ஒருவர் குடம் எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போய் வாங்கிவர முடியாது. நம் மாவட்டத்திலேயே திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அனுமதி பெறவேண்டுமானால் தனி மாட்டுக்காரரைவிடச் சங்கம் கேட்பதே பொருத்தம்.

பாகு இல்லாமலும் ஒரு வழி உண்டு. அது யூரியா ஊட்டிய வைக்கோல். இதன் மூலக் கருத்து நூறாண்டு பழையது. முதல் உலகப் போரில் ஜெர்மனியில் தீவனப் பஞ்சம் வந்தபோது பெக்மன் என்னும் இரசாயன அறிஞர் வைக்கோலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவிக் கொடுக்கும் முறையை வகுத்தார். நார் இளகியது உண்மை. ஆனால் கழுவும்போது சத்தும் நீரோடு போயிற்று, ஆறும் கெட்டது. அம்மோனியாவைக் கொண்டு அதே வேலையைக் கழுவாமல் செய்யலாம் என்பது பின்னால் வந்த தெளிவு. யூரியாவை ஈர வைக்கோலோடு மூடி வைத்தால் அது தானே அம்மோனியாவாகச் சிதைந்து நாரை உப்ப வைத்து இளக்குகிறது.

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீர். வைக்கோலைப் படுகை படுகையாகப் பரப்பி, ஒவ்வொரு படுகையின்மேலும் கரைசலைப் பூவாளியால் தெளித்து, காற்று வெளியேற நன்கு மிதித்து, கனமான பிளாஸ்டிக் தாளால் ஓரம் விடாமல் மூடி மண்ணோ மூட்டையோ பாரம் வைக்கவேண்டும். 21 நாள் திறக்கலாகாது. திறந்தபின் வைக்கோல் பழுப்பேறி மெத்தென்றிருக்கும். மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து ஒரு மணி நேரம் காற்றாட விரித்து, நெடி தணிந்தபின் போடவேண்டும். புரத அளவு 3, 4 பங்கிலிருந்து 7, 8 பங்கு வரை ஏறும். சீரண அளவும் கூடும். மாடு முன்னைவிட அதிகம் தின்னும்.

யூரியா மாட்டுக்கு நஞ்சாகலாம் என்பதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறோம். தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் வைத்தால் அதைக் குடித்த மாடு நடுங்கி, வயிறு உப்பி, சில மணி நேரத்திற்குள் இறந்துபோகலாம். தராசில் நிறுக்காமல் கைக் கணக்கில் போடக்கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு அறவே கூடாது. பழகாத மாட்டுக்குப் பழைய வைக்கோலோடு கலந்து ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். தப்பித் தவறி நஞ்சேறினால் டாக்டர் வருவதற்குள் வினிகர் கலந்த குளிர்ந்த நீரை நிறையப் புகட்டுவது முதலுதவி.

இவ்வளவு நல்ல முறை ஏன் வீட்டுக்கு வீடு பரவவில்லை? 1980களில் இந்திய அரசும் நெதர்லாந்தும் சேர்ந்து பயிர்க்கழிவுத் தீவனங்கள் பற்றி ஒரு கூட்டுத் திட்டத்தை நடத்தின. அதன் அறிஞர்கள் கண்டது, வைக்கோல் மலிந்தும் பசும்புல் அரிதாகவும் உள்ள இடத்தில்தான் இம்முறை கட்டுபடியாகும் என்பது. அதோடு நம் பகுதிக்கே உரிய தடைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். 100 கிலோ வைக்கோலை மொத்தமாக வாங்க முதல் வேண்டும். மூட இடம் வேண்டும். குடத்துக்கு வரிசையில் நிற்கும் தெருவில் 65 லிட்டர் தண்ணீர் வேண்டும். பக்கத்து வீட்டார் நெடியைப் பொறுக்கவேண்டும். இரண்டு பசு வைத்துச் சந்தில் பிழைப்பவரிடம் போய் "யூரியா ஊட்டுங்கள்" என்று துண்டுப் பிரசுரம் கொடுப்பதில் பயனில்லை. அது அவர் செய்யும் வேலையன்று, சங்கம் செய்யவேண்டிய வேலை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது மாடுகளுக்குத் தலைக்கு 5 கிலோ என்றால் நாளுக்கு 100 கிலோ. பத்து நாளைக்கு ஒரு டன். ஒரு டன் குழிக்கு 40 கிலோ யூரியா, 650 லிட்டர் நீர். ஒரு குழி திறந்திருக்கும் பத்து நாளில் மற்றவை மூடியிருக்கவேண்டுமாதலால் நான்கு குழிகள் இருந்தால் சுற்று நிற்காது. 45 கிலோ யூரியா மூட்டை மானிய விலையில் சுமார் 266 ரூபாய். ஆகவே யூரியாச் செலவு ஒரு கிலோ வைக்கோலுக்கு கால் ரூபாய்கூட ஆகாது. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய வைக்கோல் 36 டன்னுக்குச் சற்று மேல். ஏக்கருக்கு 2 டன் என்றால் 18 ஏக்கர் நெல்லின் வைக்கோல். பொன்னேரிப் பக்கத்தில் நெல் பயிரிடும் அங்கத்தினர் பத்துப் பேர் மனம் வைத்தால் திருவொற்றியூரில் இருபது மாட்டுக்கு ஆண்டுத் தீனி ஆயிற்று. குழிகளும் வயலோரத்திலேயே இருக்கலாம். தண்ணீரும் இடமும் அங்கேதான் உண்டு. நகரத்துக்கு வரவேண்டியது ஊட்டி முடிந்த வைக்கோல் மட்டுமே.

இந்தியாவில் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல் தோன்றியது இதே மாவட்டத்துத் திரூரில்தான். கடனுக்குச் சங்கம் கூட்டியவர்களின் வழிவந்தவர்கள் வைக்கோலுக்குச் சங்கம் கூட்ட முடியாதா என்று நாம் எண்ணுவதுண்டு.

இனி, பலரும் சொல்லும் மற்ற மாற்றுகளில் சில. கடலைக்கொடி எல்லாவற்றிலும் மேலானது. காய் ஆய்ந்தபின் நிழலில் உலர்த்தி இலை உதிராமல் எடுத்தால் நெல் வைக்கோலைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாத புரதம் அதில் உண்டு. மண்ணை உதறிவிட்டுப் போடவேண்டும். கரும்புத் தோகையை ஆலைப் பருவத்தில் நறுக்கிக் கொடுக்கலாம். கரும்புச் சக்கை அவ்வாறன்று. மரத்தூளுக்கு அடுத்தபடி அதைச் சொல்லலாம். ஆலையில் நீராவியில் வேகவைத்த சக்கை வேறு கதை, நம் கைக்கு வருவது அதுவன்று. அகத்தி, கிளிரிசிடியா தழைகள் புரதத்துக்கு நல்லவை. சூபாபுல்லை மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடவேண்டாம். மயிர் உதிரும். சீமைக்கருவேலங்காயை அரைத்துக் கலந்தால் தீவனம், அரைக்காமல் போட்டால் சாணத்தின் வழியே அடுத்த வயலுக்கு விதைப்பு.

செங்குன்றத்து அரிசி ஆலைகளிலிருந்து மலிவாக வரும் "தவிடு" மூட்டையைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மாவாக ஒட்டாமல் சொரசொரவென்று உதிர்ந்தால் அதில் அரைத்த உமி கலந்திருக்கிறது. உமி நார்தானே, வைக்கோலுக்கு ஈடு ஆகாதா என்று சிலர் வாதிக்கிறார்கள். எரித்த உமியின் சாம்பல் அநேகமாக முழுதும் சிலிக்கா. அரைத்த பிறகு அசைபோட வைக்கும் நீளமும் அதற்கில்லை. தவிட்டின் விலைக்கு மணலை வாங்குவதற்கும் இதற்கும் அதிக வேற்றுமை இல்லை.

காய்கறிக் கழிவை நம்பும் தொழுவங்கள் மிகப் பல. முன்பு கொத்தவால்சாவடியிலிருந்து வந்தது. மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகு வண்டிச் செலவும் சேர்ந்துகொண்டது. முட்டைக்கோசு இலையும் காலிபிளவர் இலையும் புரதம் உள்ளவை, மாடு ஆசையோடு தின்னும். ஆனால் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 20 கிலோ இலை 2 கிலோ உலர்பொருளுக்கு மேல் வராது. வைக்கோலோடு சேர்த்துக் கொடுத்தால் நல்ல துணை. வைக்கோலுக்குப் பதிலாகக் கொடுத்தால் கழிச்சல். பொறுக்கிப் பிளாஸ்டிக்கும் கட்டுக்கம்பியும் நீக்காமல் எதையும் போடலாகாது.

பசும்புல் வளர்ப்பதைப் பொறுத்தவரை, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நல்ல தண்ணீரும் எருவும் உள்ள சோழவரத்து மண்ணில் செழிக்கும். எண்ணூரின் உவர் மண்ணில் அதை எதிர்பார்க்க வேண்டாம். தேங்கிய நீரில் வளரும் எருமைப்புல் இங்கே வரும். கழிவுநீரில் புல் வளர்த்து மாட்டுக்குப் போடுவது சென்னைக்குப் புதிதன்று. ஆயினும் கழிவுநீர்ப் புல்லில் நைட்ரேட் மிகுதியாக ஏறியிருக்கக்கூடும். இளம்புல்லாக அறுத்து வெறும் வயிற்றில் போடுவது ஆபத்து.

எல்லாவற்றிலும் மலிவாகத் தோன்றுவது ஒன்று உண்டு. கொசத்தலையாற்றின் கரையிலும், பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும், தொழிற்சாலை மதில்களின் அடியிலும் இலவசமாக வளர்ந்து நிற்கும் புல். அதை அறுக்கவேண்டாம் என்று வேண்டுகிறோம். அனல்மின் நிலையச் சாம்பல் பல்லாண்டுகளாக அந்த ஆற்றிலும் கழிமுகத்திலும் கலந்து, வழக்காகி, 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பு வரை சென்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிக் கரையெல்லாம் கறுத்தது. சாம்பல் படிந்த புல் பல்லைத் தேய்க்கும். அதிலும் மண்ணிலும் உள்ள ஈயம் போன்ற உலோகங்கள் மாட்டின் ஈரலிலும் எலும்பிலும் தங்கும், பாலிலும் சிறிது இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நம் பேட்டைக் குழந்தைகள். கழிமுகத்து அலையாத்தித் தழையையும் மாடு தின்னும் என்பது உண்மைதான். கரையைக் காக்கும் அம்மரங்களைத் தீனிக்கு ஒடிப்பது வேண்டாத வேலை. மாடு அங்கே மேய்ந்து பழகியிருந்தால் கட்டிப் போட்டு வைக்கோல் போடுவதைத் தவிர வேறு வழி நமக்குத் தோன்றவில்லை. அதற்காகவே வைக்கோலைப் பற்றி இவ்வளவு எழுத நேர்ந்தது.

சம்பா அறுவடை தை மாதத்தில் பொன்னேரிப் பக்கம் தொடங்கும். கட்டும் இயந்திரத்துக்கு மார்கழியிலேயே சொல்லி வைக்கவேண்டும். தையில் கேட்டால் லாரிக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். மூடும் தாள் கனமானதாக, ஓட்டை இல்லாததாக இருக்கட்டும். முதல் ஆண்டில் ஒரே ஒரு டன் குழியோடு, கறவை வற்றிய பசுக்களையும் கிடேரிகளையும் கொண்டு தொடங்குவது நல்லது. மாட்டின் மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து, தேதியோடு குறித்து வாருங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் குறிப்பைச் சங்கத்துக்கு அனுப்பினால் மற்ற அங்கத்தினர்களும் அறியும்படி இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.